ரொம்ப நல்ல ஆட்டக்காரர்

காலை ஆறு மணிக்கு அலாரம் அடிக்கும். அதற்கு முன்பே விழித்திருப்பேன். காப்பி இயந்திரத்தில் தண்ணீர் ஊற்றி விசையைத் தட்டுவேன். ரொட்டியை வாட்டி வெண்ணெய் தடவி, நின்றபடியே தின்பேன். சவரம் செய்வேன். பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போய் நடைபாதையில் விழுந்திருக்கும் பனியைத் தள்ளுவேன். பக்கத்து வீட்டு மிஸஸ் ஹோல்ப்ரூக்கின் பகுதியையும் சேர்த்துத் தள்ளுவேன். அவர் ஜன்னலிலிருந்து கையாட்டுவார். நானும் ஆட்டுவேன். உப்பைத் தூவிவிட்டு உள்ளே வருவேன். காப்பி ஆறிப்போயிருக்கும். அதைக் குடிப்பேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒருநாள் தபால்பெட்டியில் ஓட்டுச்சீட்டு வந்திருந்தது.

மில்வாக்கி நகரப் பத்திரிகையில் நான் பேஸ்பால் பற்றி எழுதுகிறேன். தொடர்ந்து பத்து ஆண்டுகள் எழுதியவர்களுக்கு மட்டும்தான் பெரிய ஆட்டக்காரர்களின் முகத்தை வெண்கலத் தகட்டில் பதித்து மாட்டும் கூப்பர்ஸ்டவுன் புகழ் மண்டபத்துக்கு ஆள் எடுக்கும் ஓட்டு உண்டு. எனக்கு இது முதல் சீட்டு. லானி டீக்கின் பெயர் அதில் இருந்தது. அவருக்கு இது கடைசிச் சீட்டு. ஓர் ஆட்டக்காரரின் பெயர் பத்து ஆண்டுகள்தான் பட்டியலில் இருக்கும். அதற்குள் ஏதாவது ஓர் ஆண்டில், ஓட்டுப் போடுகிறவர்களில் நான்கில் மூன்று பங்கு பேர் அவர் பெயருக்குப் பக்கத்துப் பெட்டியில் குறி போட வேண்டும். போன ஆண்டு லானிக்குக் கொஞ்சத்தில் தவறியது. இந்த முறையும் தவறினால் அவ்வளவுதான்.

லானி பதினாறு ஆண்டுகள் எங்கள் ஊர் அணிக்காக இரண்டாம் பேஸில் நின்றவர். ஓடிவருகிற எதிரணிக்காரன், அங்கே நிற்கிறவரின் முட்டியைக் குறிவைத்துச் சறுக்கி வருகிற இடம் அது. பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில் பத்தாண்டு தாங்க மாட்டார்கள். இவர் தாங்கினார். எந்த ஆண்டும் எதிலும் முதலிடம் வாங்கியதில்லை. எந்த ஆண்டும் மோசமாக ஆடியதுமில்லை. இந்த ஊரில் அவர் பெயரைச் சொன்னால் முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவார்.

நான் அவருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்ற கட்சி. ஆட்ரி கூடாது என்ற கட்சி.

ஆட்ரி என் மனைவி. மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருந்தாள். செப்டம்பரில் இறந்துவிட்டாள். தலையில் ரத்தக்குழாய் ஒன்று வெடித்தது. அறுவைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். அதன் பிறகு கண் விழிக்கவில்லை. வயது முப்பத்துமூன்று.

லானியைப் பற்றி நாங்கள் ஆறு வருடம் சண்டை போட்டோம். சாப்பிடும்போது, கார் ஓட்டும்போது, ஒருமுறை அவள் அத்தை வீட்டுக் கல்யாணத்தில். நான் எண்களைச் சொல்வேன். அவள் எண்களைக் கேட்க மாட்டாள்.

"எனக்கு ஒரே சோதனைதான். அவர் மட்டையோட வரப்ப நான் பாத்ரூம் போயிருக்கேன். எத்தனையோ தடவ. மண்டபத்துல இருக்கிற ஒருத்தராவது என்னை அப்படி விட்டிருக்காங்களா? சொல்லு."

"இது ஒரு அளவுகோலா?"

"இதவிட நல்ல அளவுகோல் இருந்தா கொண்டு வா. அவர் ரொம்ப நல்ல ஆட்டக்காரர், கேலன். அதுக்கு மேல இல்ல."

எங்கள் தொழிலில் 'ரொம்ப நல்ல ஆட்டக்காரர்' என்றால் கதவைச் சாத்துகிறோம் என்று பொருள்.

அவள் அப்பா பெர்னிக்கு இது தாங்காது. பெர்னி நகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். லானி ஆடிய காலத்தில் மாலை ஓட்டத்தின்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஸ்கோரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போவார். மகள் லானியைக் குறை சொன்னால், "இவள ஆஸ்பத்திரில மாத்திக் குடுத்துட்டாங்க" என்பார்.

*

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. ஹாம் சான்ட்விச், உருளைக்கிழங்கு சாலட். பெர்னியின் பழைய சிநேகிதர் ஒருவர் என்னிடம் வந்து, கடைசியாக ஆட்ரி என்ன சொன்னாள் என்று கேட்டார். எல்லாருக்கும் அதைக் கேட்கத் தோன்றியது. நான் பதில் சொல்லவில்லை. மைதானத்தில் பத்திரிகையாளர் மாடத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறவன் எது நடந்தாலும் சத்தம் போடக் கூடாது. கைதட்டினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். பல வருடமாக அப்படி உட்கார்ந்து பழகிவிட்டது.

பெர்னி பக்கத்தில் நின்றிருந்தார். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்தான் சொன்னார்.

"லானிய விட்டுடாதீங்கன்னு சொன்னா. அதான் கடைசி."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அழுதார்கள். எனக்கு யாரோ ஒரு தட்டைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

அக்டோபரில் அது வானொலிக்குப் போனது. ஸ்கிப் டன்லவி என்பவர் மாலையில் விளையாட்டு நிகழ்ச்சி நடத்துகிறார். நல்ல குரல். கொஞ்சம் அதிகமாகவே நல்ல குரல். நவம்பரில் கார்களின் பின்னால் ஒட்டுத்தாள் வந்தது: 'ஆட்ரிக்காக லானி.' டிசம்பரில் வேறு ஊர்ப் பத்திரிகையாளர்கள் தங்கள் ஓட்டை வெளியிட ஆரம்பித்தார்கள். இப்போதெல்லாம் அது வழக்கம். யாருக்குப் போட்டோம், ஏன் போட்டோம் என்று எழுதுவார்கள். இணையத்தில் ஒருவர் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பார். லானிக்குப் புதிதாக ஓட்டுப் போட்டவர்களில் நாலைந்து பேர் ஒரே வரியைத்தான் வேறு வேறு விதமாக எழுதியிருந்தார்கள். ஒன்பது ஆண்டுகள் மறுத்தேன். மில்வாக்கியில் ஓர் இளம்பெண்ணின் கடைசி ஆசை என்னை மறுபடி யோசிக்க வைத்தது.

எண்ணுகிறவரின் கணக்கில் லானி முக்கால் பங்கு என்ற கோட்டைத் தாண்டியிருந்தார்.

*

வெள்ளிக்கிழமை மாலைகளில் பெர்னியும் நானும் டாட்டியின் மதுக்கடையில் மீன் சாப்பிடுவோம். முன்பு மூன்று பேராகப் போவோம்.

"வாங்க, ஓட்டுப் போடற தொரை வந்துட்டாரு" என்றாள் டாட்டி. "குறி போட்டாச்சா? இல்ல, பேனா வாங்கித் தரணுமா?"

"இன்னும் இல்ல."

"இன்னும் இல்லையா! பெர்னி, உன் மாப்ளைக்கு மீன் கெடையாது. முட்டக்கோஸ் மட்டும்தான்."

பெர்னி பிராந்தியை உறிஞ்சியபடி பக்கத்து ஸ்டூலில் இருந்தவனிடம் திரும்பினார். அவன் வெளியூர்க்காரன். அந்தக் கதையை இன்னும் கேட்டிராதவன்.

"என் கையப் பிடிச்சுக்கிட்டா. இப்படி. 'அப்பா, லானிய விட்டுடாதீங்க'ன்னா. அவ்வளவுதான். கண்ண மூடிட்டா."

அந்த ஆள் தொப்பியைக் கழற்றினான்.

அடக்கத்தன்று அவள் எங்கள் எல்லாருக்கும் சொன்னதாக இருந்தது. இப்போது பெர்னிக்கு மட்டும் சொல்லியிருந்தாள். கையும் வந்துவிட்டது. மருத்துவமனையில் ஆட்ரியை அறுவைக்குக் கொண்டுபோன நேரத்தில் பெர்னி அறையில் இல்லை. கீழ்த்தளத்தில் காப்பி வாங்கப் போயிருந்தார்.

சாப்பிட்டு முடித்து வெளியே வந்தோம். அவர் காரின் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்ட ஆரம்பித்தார்.

"பெர்னி. அவ அப்படிச் சொல்லல."

சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"அவளுக்கு லானியப் பிடிக்கும். ஆனா மண்டபத்துக்கு வேணாம்னுதான் கடைசி வரைக்கும் சொன்னா. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்டா."

"அப்பறம் எதுக்கு?"

"நான் உன்னைக் கேட்டேன். அன்னிக்கே கேட்டேன். காப்பியோட மேல வந்தேன், கட்டில் இல்ல. என்ன சொன்னா மாப்ளன்னு கேட்டேன். நீ செவுத்தப் பாத்துட்டு நின்ன. மறுபடி கேட்டேன். நீ சொல்லல." சுரண்டியைக் காரின் மேல் வைத்தார். "எனக்குக் கெடச்சது அந்தக் காப்பிதான். ஒரு அப்பன் அத வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவான், சொல்லு?"

அவள் சொன்னது மிகச் சின்ன விஷயம். சொல்லிவிட்டால் அதுவும் போய்விடும் என்று இருந்தது. இப்போதும் அப்படியே இருந்தது. வீட்டுக்குப் போனேன்.

*

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் லானி டீக். கையில் செய்தித்தாளில் சுற்றிய புகையிட்ட மீன். கால்சட்டையெல்லாம் பனி.

"வண்டிய ரெண்டு தெரு தள்ளி நிறுத்தியிருக்கேன் சார்" என்றார். "யாரும் பாத்துடக் கூடாது."

பட்டியலில் இருக்கிறவர் ஓட்டுப் போடுகிறவரைத் தேடிப் போகக் கூடாது. சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் யாரும் செய்ய மாட்டார்கள்.

உட்காரச் சொன்னேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு தவணையாக உட்கார்ந்தார்.

"ஓட்டப் பத்திப் பேச வரல. நீங்க அந்தப் பேச்ச எடுத்தாக்கூட எந்திரிச்சுப் போயிடுவேன். ஒரே ஒரு விஷயம். ரேடியோல சொல்றாங்களே, உங்க வீட்டம்மா சொன்னதா. அது நெசமா?"

"இல்ல."

தொப்பியைக் கழற்றி முட்டிமேல் வைத்தார்.

"நெனச்சேன். உசிருக்குப் போராடுற பொண்ணு எதுக்குங்க என்னப் பத்திப் பேசப்போகுது."

"அவளுக்கு நீங்க மண்டபத்துக்குப் போறதுல சம்மதமே இல்ல."

நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா?"

"ரொம்ப நல்ல ஆட்டக்காரர்னு சொல்லுவா."

அவருக்கு அந்தச் சொற்களின் பொருள் தெரியும். பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"வேற என்ன சொல்லுவாங்க?"

"நீங்க மட்டையோட வரப்ப அவ பாத்ரூம் போவா."

லானி சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "எம் பொண்டாட்டியும் அதத்தான் செஞ்சா. நான் ரெண்டு ரன் அடிச்சது அவளுக்கு ராத்திரி நான் வந்து சொன்னாத்தான் தெரியும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நெசந்தான் சார். என்னை யாரும் மூச்சப் பிடிச்சுக்கிட்டுப் பாக்கல. நான் இருந்தா அந்தப் பக்கம் கவலை இல்லன்னு நெனச்சுக்குவாங்க. அது ஒரு வேலை. அத நான் செஞ்சேன்."

மீன் நல்ல மணமாக இருந்தது. தின்னத் தோன்றவில்லை. குளிர்பெட்டியில் வைத்தேன்.

"செத்துப்போன பொண்ணு பேரச் சொல்லி உள்ள போனா, அந்த வெண்கலத் தகட்டுல இருக்கிறது யாரு மூஞ்சின்னு எனக்கே தெரியாது" என்றார். கொஞ்ச நேரம் தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தார். "ஆனா ஒண்ணு. அதுக்காக எனக்கு வேணாம்னு நான் எங்கயும் போய்ச் சொல்லல பாருங்க. சொல்லவும் மாட்டேன். அம்பத்திநாலு வயசு. எங்க அம்மாவுக்கு எம்பத்தேழு. எனக்கு வேணும் சார். அதையும் மறைக்காமச் சொல்லிடறேன்."

எழுந்து கைகுலுக்கினார். என்ன செய்யப்போகிறேன் என்று கேட்கவில்லை. இரண்டு தெரு நடந்து போனார்.

*

என் பத்திரிகையில் மாய் வாங் தான் விளையாட்டுப் பக்கத்தின் ஆசிரியர். என் ஓட்டைப் பற்றி எழுதிய கட்டுரையை அனுப்பிய பத்தாவது நிமிடம் கூப்பிட்டாள்.

"இத நாளைக்குப் போடணுமா?"

"ஆமா."

"ஓட்டு அனுப்ப முப்பத்தொண்ணாம் தேதி வரைக்கும் நேரம் இருக்கு. பாதிப் பேர் இன்னும் அனுப்பல. தெரியுமில்ல?"

"தெரியும்."

"ஜனவரி கடைசில முடிவு வந்துரும். அதுக்கு அடுத்த நாள் போட்டா ஒரு எழுத்துக்கூட மாத்த வேணாம். லானி உள்ள போயிருப்பாரு. ஆட்ரியப் பத்தின உண்மையும் வெளிய வந்துரும். யாருக்கும் சேதாரமில்ல."

"அவ பேரச் சொல்லிக் குறி போடறவங்களுக்கு அது பொய்யின்னு முன்னாடியே தெரியணும் மாய்."

"கேலன், நீ அவருக்குத்தான் ஓட்டுப் போடற. உன் ஆளையே நீயே கவுத்துப்போடற."

"ஆமா."

"சரி, நாளைக்கே போடறேன்" என்றாள். பிறகு, "சாப்டியா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன்.

கட்டுரை நீளமில்லை. லானி டீக்குக்கு ஓட்டுப் போடுகிறேன் என்று முதல் வரியில் எழுதியிருந்தேன். யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்காத ஒரு வேலையைப் பதினாறு ஆண்டுகள் குறையில்லாமல் செய்வதும் பெரிய ஆட்டம்தான் என்பது என் கருத்து. அதற்கு என் காரணங்களை வரிசையாகச் சொல்லியிருந்தேன். ஒரே பந்தில் இரண்டு பேரை வெளியேற்றிய இரட்டை ஆட்டமிழப்புகள், சறுக்கி வந்தவர்கள், முட்டி அறுவை முடிந்து அடுத்த வசந்தத்தில் அவர் திரும்பி வந்தது. பிறகு: என் மனைவி இதற்கு உடன்படவில்லை. அவள் பாத்ரூம் போவதைப் பற்றி எழுதினேன். அவள் சாகும்போது லானியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஊரில் உலவும் கதை உண்மையில்லை. அவள் பெயரால் அவருக்கு ஓட்டுப் போடுகிறவர்கள், அவள் அந்த ஓட்டைப் போட்டிருக்க மாட்டாள் என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். என் பேச்சில் நியாயம் இருந்தால் அதற்காகப் போடுங்கள்.

கதை யாரிடமிருந்து வந்தது என்று எழுதவில்லை. ஊருக்குத் தெரியும்.

சீட்டில் லானியின் பெயருக்குப் பக்கத்துப் பெட்டியில் குறி போட்டேன். இன்னும் மூன்று பேருக்கும் போட்டேன். கையெழுத்திட்டுத் தபால் நிலையத்தில் கொடுத்தேன். அங்கே இருந்த பெண் முத்திரை குத்தினாள். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள் என்றாள். உங்களுக்கும் என்றேன்.

கட்டுரை வந்த காலையில் பெர்னி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"படிச்சேன்" என்றார்.

"சரி."

"டாட்டி கடையில எல்லாரும் படிச்சிருப்பாங்க."

"ஆமா."

"நாப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். ஒருத்தன் என்னைப் பொய்யன்னு சொன்னதில்ல, மாப்ள."

வைத்துவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. நான் மூன்றாவது வெள்ளிக்கிழமை போவதை விட்டுவிட்டேன். ஸ்கிப் டன்லவி வானொலியில், துக்கத்தில் இருப்பவரைக் குறை சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் குறை சொன்னார். சியாட்டிலில் இருந்து ஒரு பத்திரிகையாளர் எழுதினார்: உறையைப் பிரித்து லானியின் குறியை எடுத்துவிட்டேன், நன்றி. இன்னொருவர், ஏற்கெனவே அனுப்பிவிட்டேன், இதை எனக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று எழுதினார். கன்சாஸில் ஒருவர் என் காரணங்களைப் படித்து லானிக்குப் போட்டதாகச் சொன்னார். அவர் ஒருவர்தான்.

கார்களில் ஒட்டுத்தாள் அப்படியே இருந்தது. குளிரில் அதை உரிக்க முடியாது.

*

முடிவு ஜனவரி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு வந்தது. செய்தியை எழுதியாக வேண்டும் என்பதால் வீட்டில் மேசைமுன் இருந்தேன். கைப்பேசியில் வந்தது. இரண்டு பேர் தேர்வு. லானி டீக் இல்லை. ஒன்பது ஓட்டுக் குறைவு.

எழுதி அனுப்பினேன். மாய் ஒரு சொல்லை மாற்றினாள்.

லானியைக் கூப்பிட்டேன். செய்திக்கு ஒரு வரி வேண்டும். "என்னோட சேந்து ஆடினவங்களுக்கு நன்றின்னு போட்டுக்குங்க" என்றார். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. "மீனத் தின்னீங்களா?" என்றார். தின்றேன் என்றேன். "சரி சார்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் பெர்னி வந்தார். தட்டவில்லை. தன் சாவியால் திறந்துகொண்டு வந்தார். பூட்ஸைக் கழற்றாமல் பாயில் நின்றார்.

"எத்தன?"

"ஒன்பது."

"ஒன்பது பேரா." தலையாட்டினார். "களத்துல நிக்கிற ஒரு முழு டீமு."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். கோட்டோடு உட்கார்ந்தார். முகம் இளைத்திருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"நீ எழுதலன்னா உள்ள போயிருப்பாரு."

"இருக்கலாம்."

"இருக்கலாம் என்ன. போயிருப்பாரு."

"ஆமா."

"அவ சிரிப்பா. நான் தோத்துட்டேன்னு குதிப்பா." மூக்கைச் சிந்தினார். கைக்குட்டையை மடித்தார். மறுபடி பிரித்தார். "நான் சொன்னத எடுத்துட்ட. ஊரு முன்னாடி எடுத்துட்ட. சரி. எடுத்தது நியாயம்தான். இப்ப எங்கிட்ட ஒண்ணும் இல்ல, மாப்ள. அந்த எடம் காலியாக் கெடக்கு."

அவருக்கு எதிரே இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"மூணாவது தடவையாக் கேக்கறேன். இனிமே கேக்க மாட்டேன். அவ என்னதான் சொன்னா?"

சொன்னேன். மருத்துவமனை அறையின் மூலையில் ஒரு டிவி தொங்கியது. எங்கள் அணியின் ஆட்டம் ஆறாவது இன்னிங்ஸில் இருந்தது. சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தோம். இரண்டு பேர் வந்து கட்டிலின் சக்கரங்களை விடுவித்தார்கள். அறையில் இனி யாரும் இருக்கப்போவதில்லை என்று நான் ரிமோட்டைக் கையில் எடுத்தேன். ஆட்ரி தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அணைச்சிடாத. அப்பா வந்தா ஸ்கோர் கேப்பாரு."